பின் கேரியர்

ரயில் எங்களை மட்டும் இறக்கிவிட்டுப் போனது.
நடைமேடையில் ஒரு நாய், ஒரு குடிநீர்க் குழாய்,
செட்டிநாடு என்று எழுதிய மஞ்சள் பலகை.
பெட்டியின் ஒரு சக்கரம் தாம்பரத்திலேயே உடைந்திருந்தது.
மீதியை வைத்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தால்
ஆட்டோ சேவுகமூர்த்தி கேட்கிறார்:
"கார்ல வரலைங்களா?"

கானாடுகாத்தான் விடுதியில் பதிவேட்டை நீட்டிய
சிகப்பியும் அதையே கேட்டாள்.
சர்வீஸில் விட்டிருக்கோம், என்றார் இவர்.
பணியாரக் கடையில்: மகன் எடுத்துட்டுப் போயிட்டான்.
எங்களுக்கு இருப்பது ஒரே மகள்.
பஸ் நிறுத்தத்தில் கேட்டவரிடம்,
பெட்ரோல் விக்கிற விலைக்கு, என்று ஆரம்பித்து
முடிக்காமல் விட்டார்.
பதிவேட்டில் வண்டி எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது.
நான் ஒரு கோடு போட்டேன்.

மார்ச்சில், பெருங்களத்தூர் சிக்னலில்,
பச்சை விழுந்தும் எங்கள் கார் நகரவில்லை.
பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.
இவர் கைகள் ஸ்டியரிங்கை உலுக்கிக்கொண்டிருந்தன,
யாரோ அதைப் பிடுங்குவது போல.
ஆறு மாதம் ஓட்டக் கூடாது, என்றார் டாக்டர்.
அப்புறம்?
அப்புறம் பார்க்கலாம்.

சாவியை இங்கேயும் கொண்டுவந்திருக்கிறார்.
உட்காரும்போது தொடையில் குத்துகிறதென்று
இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றுகிறார்.

காரில் வந்திருந்தால் இந்த ஊர் பத்து நிமிஷம்.
நடந்தால், ஒரே வீடு பத்து நிமிஷம்.
முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில்,
இடையில் உச்சிவெயிலில் நிழல் தராத சுவர்.
பூட்டிய கதவுகளை எண்ணினேன், பதினொன்று.
பன்னிரண்டாவது திறந்திருந்தது. உள்ளே ஒருவர்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்போனில்
மோட்டார் ஓடலை மோட்டார் ஓடலை என்று கத்திக்கொண்டே
எங்களைப் பார்த்துக் கை காட்டினார்:
ஏன் சுத்துறீங்க, இப்படிக் குறுக்கே போங்க.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
குளிர்ந்த கல்லில் மூன்று முற்றம் தாண்டி
முன்பின் தெரியாதவர் வீட்டின் வழியாக
அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.
இவர் சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு
சத்தம் வரச் சிரித்தது அன்றுதான்.

காரைக்குடி டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இலவசம்,
இவருக்குப் பன்னிரண்டு ரூபாய்.
டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம்
இவர் இடது கை லேசாக அசைந்தது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
புளிய மரம், கருவேலம், செங்கல் சூளை, கருவேலம்.

மூன்றாம் நாள், ஆத்தங்குடிக்கு எப்படிப் போவது?
சேவுகமூர்த்தி ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்.
சிகப்பி தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
பள்ளிக்கூடத்தில் கொடுத்தது,
ப்ளஸ் டூ முடிச்சதுலேர்ந்து சும்மா நிக்குது.
"சார் ஓட்டுவாங்கள்ல?"

இவர் சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
"எனக்கு வலிப்பு வந்துச்சும்மா. ஓட்டக் கூடாது."
"அப்ப அக்கா ஓட்டட்டும்," என்றாள் அவள்,
"பின் பிரேக் மட்டும் கொஞ்சம் லூஸு."
அவ்வளவுதான். காற்றடிக்கப் பம்ப் எடுக்கப் போய்விட்டாள்.

பன்னிரண்டு வயதில் விட்ட சைக்கிள்.
கேரியரில் எழுபத்திரண்டு கிலோ.
புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன்.
ஆத்தங்குடியா? போகவில்லை.
கண்மாய்க் கரை வரைக்கும்தான் முடிந்தது.
பின்னாலிருந்து ஒரு குரல் ஓயவில்லை:
லெஃப்ட்ல ஒதுங்கு, லாரி வருது,
ஆடு, ஆடு, ஹாரன் அடி,
ஹாரன் இல்லைங்க, பெல்,
சரி அதை அடி.

இருபத்தாறு வருஷம் இடது இருக்கையில் உட்கார்ந்து
நான் சொன்னதெல்லாம் அதே வரிசையில்
என் முதுகில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

கரையிலிருந்து பாதை இறங்கியது.
மிதிப்பதை நிறுத்தினேன், வண்டி தானாகவே ஓடியது.
எதிரே எருமைகள்.
பிரேக்கைப் பிடித்தேன், அவள் சொன்னபடியே லூஸு.
அப்போது பக்கவாட்டில் பார்த்தேன்,
இவர் வலது கால்
காற்றில் எதையோ அழுத்தி
மிதித்துக்கொண்டிருந்தது.